ஒரு சாண் தாவாரம்

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஈரம் என்றால் மேலிருந்து விழுவது ஒன்றுதான். கோழி சிந்துகிற தண்ணீர், கோழி போடுகிற எச்சம், கோழி விடுகிற மூச்சு எல்லாமே ஈரம்தான் என்று சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கோழி மூச்சுவிட்டா கொட்டகை நனைஞ்சிருமா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோழிப்பண்ணையின் கூரை தெரியும். இப்படிப்பட்ட சீமையில் பிறந்து வளர்ந்து, கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாமலே தலை நரைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் அந்தத் திறமை நிறைய இருந்தது.

என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வருடத்தில் பாதி நாள் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். பூமிக்கு அடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று அடித்துச் சொல்வார். தன் கொட்டகைக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. கொட்டகையைப் பார்த்துக்கொண்டது நான்தான். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்ததில் எங்களுக்கு வந்த துண்டு நிலத்தில், நாட்டுக்கோழி வளர்க்கிற கொட்டகை. பெரிய முட்டைப் பண்ணைகளில் இருக்கிற மாதிரி கூண்டு வரிசை கிடையாது. தரையில் நெல் உமியும் தேங்காய் நார்த்தூளும் கனமாக விரித்து, அந்தக் கூளத்தின் மேல் கோழிகளை விட்டு வளர்ப்பது. கூளம் காய்ந்திருந்தால் கோழி பிழைக்கும், நனைந்தால் சாகும். இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்.

எனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் கொட்டகை ஒன்றுதான். வீடு மாமனார் கட்டியது. நிலம் கணவர் பெயரில். சமையல்கட்டில்கூட மிக்ஸி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். கொட்டகைக்குள் நான் சொன்னபடி நடக்கும். கோழிகளாவது நடந்தன.

கட்டும்போது ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போதுதான் வெயில் பக்கவாட்டில் உள்ளே பாயாது என்றார்கள். அதுவும் எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள் என்பதால் செய்தது. ஆனால் வடபுறச் சுவரைப் பொழியை ஒட்டியே எழுப்பச் சொன்னார் என் கணவர். எல்லை வரப்பை நாங்கள் பொழி என்போம். பொழிக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணனின் மஞ்சள் காடு. ஒரு அங்குல நிலத்தைக்கூட வீணாக விடக்கூடாது என்பது இவர் கொள்கை. முழங்கால் உயரச் சுவர், அதன் மேல் கம்பி வலை, சுவரோடு ஒட்டிக் கல்தூண்கள், சுவரிலிருந்து பொழிக்கல்லுக்கு ஒரு சாண் இடம். அந்த ஒரு சாணை விட்டதற்கே இவருக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

கூரைக்குத் தகரம் போட வந்தவர்கள் எங்கேயும் போடுகிற மாதிரி, இரண்டு பக்கமும் சுவரைத் தாண்டி மூன்றடிக்கு நீட்டிப் போட்டார்கள். அந்த நீட்டலைத்தான் தாவாரம் என்கிறோம். சாரல் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். தாவாரம் அகலமாக இருந்தால் பக்கங்களைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம். காற்றும் வரும், கூளமும் நனையாது. மறுநாள் காலையில் கணவரின் அண்ணன் அளவு டேப்போடு வந்து நின்றார்.

"தாவாரத் தண்ணி எங்காட்டுல உழுகுமல்லோ," என்றார்.

"மழெத் தண்ணிதானுங்க மாமா. மஞ்சளுக்கு நல்லதுதானுங்களே," என்றேன் நான்.

"மானத்துல இருந்து உழுந்தா அது மழெ, அம்மிணி. உங்க தகரத்துல உழுந்து எறங்குனா அது உங்க தண்ணி. உங்க தண்ணி எனக்கெதுக்கு?"

அந்த வருடம் கோயிலில் மழைக்கஞ்சி ஊற்றியபோது முதல் வரிசையில் நின்றவர் இவர். வானத்தைப் பார்த்துக் கையேந்தியவர். வானம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், தம்பி கூரை வழியாக வந்தால் தீட்டு. பி.வி.சி. பைப்பை நெடுக்கே அறுத்து நுனியில் மாட்டி, தண்ணீரை எங்கள் பக்கமே திருப்பிவிடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். "பைப்பு எங்க தொங்கும்? எம்பட பொழிக்கு மேலதான?" என்றார். ஆகாயத்தையும் பாகம் பிரித்துப் பட்டா வாங்கி வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டப்படி அவர் சொன்னது சரிதான். அதை நான் மறுக்கவில்லை. தகரம் அவர் எல்லைக்குள்தான் நீண்டிருந்தது. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சில பேருக்கு மூளையை வைத்துச் செய்ய வேறு வேலை இருக்காது.

என் கணவர் ரோசக்காரர். "உன்ற காட்டுல ஒரு சொட்டு உழுகாது, பாத்துக்க," என்று சொல்லி, அறுக்கிற மிஷினை எடுக்கச் சொன்னார். வடபுறத் தகரம் முழுவதையும் ஒரு சாணுக்கு அறுத்துவிட்டார்கள். அண்ணன் டேப்பைப் பிடித்து அளந்து சரிபார்த்தார். தம்பி இடுப்பில் கைவைத்து நின்றார். இரண்டு பேர் முகத்திலும் ஜெயித்த களை. அறுத்துப் போட்ட தகரத் துண்டுகள் பொழி நெடுகக் கிடந்தன, அவற்றைப் பொறுக்கியது நான். மத்தியானம் இரண்டு பேரும் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்களுக்குள் சண்டை தண்ணீர் விஷயத்தில் மட்டும்தான்.

ஐப்பசி மழை எங்களுக்கு வடகிழக்கிலிருந்து சாய்ந்து வரும். அறுத்துவிட்ட பக்கம் வடக்கு. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மழையிலேயே சாரல் வலை வழியாக உள்ளே இறங்கிக் கூளத்தைக் களி மாதிரி ஆக்கிவிட்டது. கோழிகளின் அறிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த இடம் தெற்கே விசாலமாகக் கிடக்க, அவை ஈரத்தைப் பொறுக்கித் தின்ன வடக்கே ஓடும். அந்த ஈரத்தில் கிருமி ஏறி இரத்தக் கழிச்சல் வந்தது. காலையில் கூடையோடு போனால் கூடை நிறையும்.

மருந்துக் கடைக்காரர் சிவப்பு மருந்து கொடுத்தார். அப்புறம் மஞ்சள் மருந்து. அப்புறம் இரண்டையும் கலந்து கொடுக்கச் சொன்னார். கொட்டகை நனைகிறது என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். "அதுக்கும் ஒரு பவுடர் இருக்குதுங்க," என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் பவுடர் இருந்தது. மனிதனுக்கு ஒன்று வைத்திருந்தால் வாங்கி இரண்டு பேருக்குக் கொடுத்திருப்பேன்.

குஞ்சு இறக்குவதிலிருந்து விற்கும் வரை எங்களுக்கு ஒரு பேட்ச். அந்தப் பேட்சில் பாதிக்கு மேல் வேப்ப மரத்தடிக் குழிக்குத்தான் போயிற்று. சுண்ணாம்பு போட்டு மூடினேன். குஞ்சாக இறக்கும்போது உள்ளங்கையில் வைத்து அலகைத் தண்ணீரில் நனைத்துப் பழக்கியவை. அழுகை வந்தது, அழுதேன். அதை இப்போது மறைக்க ஒன்றுமில்லை.

கணவர் வீடியோ காலில் பார்த்தார். தலைக்குப் பின்னால் ரிக் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய தீர்ப்பு இதுதான்: "வடக்கால தார்ப்பாயி போட்டு ஆணியடிச்சு மூடிப்போடு. மழெ எப்படி வருதுன்னு பாக்கறேன்." அண்ணனும் பெரிய மனசு பண்ணி, மஞ்சள் காயப்போடுகிற தன் பழைய தார்ப்பாயை இரவல் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டார், தார்ப்பாய் மட்டும் கொடுப்பார். மேலிருந்து கீழ் வரை, இடுக்கு இல்லாமல், கிழக்கு மூலை முதல் மேற்கு மூலை வரை மூடினார்கள். தெற்கேயும் பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.

அடுத்த பேட்ச் அந்தப் பெட்டிக்குள் வளர்ந்தது. வெளியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஆனாலும் கூளம் நசநசத்தது. போகப்போகக் கட்டிதட்டியது. உள்ளே நுழைந்தால் கண்ணில் வெங்காயம் பிழிந்த மாதிரி எரியும். எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளம்புகிற ஆவி அது. கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு, அலகைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. இருமின என்றுதான் சொல்ல வேண்டும். கோழி இருமுவதைக் கேட்டிருக்கிறீர்களா? கிழவர்கள் இருமுவது போலவேதான் இருக்கும்.

கணவரின் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொட்டகைக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று, மூக்கை உறிஞ்சி, "ஒண்ணும் பெருசா நாத்தம் இல்லியே அம்மிணி," என்றார். பஸ் மேட்டூர் கெமிக்கல் ஆலைப் பக்கம் போகும்போதே மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, மனுசன் இருப்பானா இந்த ஊரில் என்று புலம்புகிறவர் இவர்.

"மாமா, கோழி அஞ்சரையடி ஒசரம் இல்லீங்க. சித்தெ குத்தவெச்சு மோந்து பாருங்க," என்றேன்.

குத்தவைத்தார். மூக்கு கோழியின் தலைக்கு வந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில் தீவனம் சரியில்லை என்றார்.

கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்து பனி தொடங்கியது. ஒரு காலையில் கதவைத் திறந்தால் உள்ளே மழை பெய்துகொண்டிருக்கிறது. மிகைப்படுத்தவில்லை. இரவெல்லாம் கோழிகள் விட்ட மூச்சு போக வழியில்லாமல், குளிர்ந்த தகரத்தின் அடியில் போய் ஒட்டி, முத்து முத்தாகக் கோத்து, சொட்டுச் சொட்டாகக் கூளத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சமயம் கணவர் ஊருக்கு வந்திருந்தார். உள்ளே சொட்டுவதைப் பார்த்தார். அப்புறம் மேலே பார்த்தார். ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, தார் டப்பாவோடு கூரை மேல் ஏறினார், ஓட்டையை அடைக்க. புதுத் தகரம். ஓட்டையும் இல்லை, மழையும் இல்லை. "வெளிய மழெயே இல்லீங்களே, ஓட்டெயில எதுங்க ஒழுகும்?" என்று கீழே நின்று கேட்டேன். "உனக்குத் தெரியாது, கம்முனு இரு," என்று பதில் வந்தது. ஆணி இருக்கிற இடமெல்லாம் தாரைப் பூசிவிட்டு, சட்டையிலும் பூசிக்கொண்டு இறங்கினார். அந்தக் கறுப்புப் பொட்டுகள் இன்றைக்கும் எங்கள் கூரையில் இருக்கின்றன. ஊருக்குப் புதிதாக யாராவது வந்தால் நான் கைகாட்டிக் காண்பிப்பதுண்டு.

அந்தப் பேட்சும் போயிற்று. முன்னைவிட மோசமாகப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் அண்ணனும் தம்பியும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். நான் காபி கொண்டுபோனபோது பேச்சு பாதியில் இருந்தது. கொட்டகையை மஞ்சள் மூட்டை அடுக்க அண்ணனுக்குக் கொடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. தாவாரத் தண்ணீருக்குப் பொழியில் நின்று கத்திக்கொண்ட இரண்டு பேரும், என் கொட்டகையைத் தூக்கிக் கொடுப்பதில் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தார்கள்.

"இன்னொரு பேட்ச் உட்டுப் பாக்கறனுங்க," என்றேன்.

"சரி, ஒண்ணே ஒண்ணு," என்றார் கணவர், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி. "அதும் போச்சுன்னா அண்ணன் மஞ்சளப் போட்டுக்கட்டும்."

அடுத்த புரட்டாசி வரை அந்தப் பேட்சை இறக்காமல் வைத்திருந்தேன். பொங்கலை ஒட்டி ஊரே கறி சமைக்கிற கறிநாள் வரும், நாட்டுக்கோழிக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. அதற்குச் சரியாக வர வேண்டுமானால் நடுவில் வருகிற அடைமழையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தார்ப்பாயை எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. அண்ணன் அடிக்கடி வந்து வாசலில் நின்று உள்ளே பார்ப்பார். குஞ்சுகளைப் பார்க்கமாட்டார். கூரையின் உயரத்தைப் பார்ப்பார், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பார்ப்பார். எத்தனை மூட்டை பிடிக்கும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்பது முகத்தில் எழுதியிருக்கும். உயிரோடு இருக்கிறவர்களின் வீட்டில் வந்து கட்டில் அளவு எடுப்பது மாதிரிதான் எனக்குப் பட்டது.

ஐப்பசியில் முதல் மழை ஒரு மத்தியானம் இறங்கியது. தார்ப்பாய் போட்டு மூடிய கொட்டகைக்குள் நான் இருந்தேன். கண் எரிந்தது. வளர்ந்துவிட்ட குஞ்சுகள் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு தெற்குச் சுவரோரம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன், அதன் நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. போன தடவை கேட்ட அதே சத்தம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்து வந்து, வடக்குப் பக்கம் தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிற்றையெல்லாம் வரிசையாக அறுத்துக்கொண்டே போனேன். ஆணியடித்த இடங்களில் பிடித்து இழுத்தேன். அது கிழிந்தது. அண்ணனுடைய தார்ப்பாய் என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் பலமாகவே இழுத்தேன்.

காற்று உள்ளே வந்தது. மழையும் கூடவே வந்தது. குஞ்சுகள் தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டின. நான் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு, தெற்குச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை, அதனால்தான் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது.

மழை விட்டபோது கூளத்தில் ஒரு கோடு இருந்தது. வடபுறச் சுவரிலிருந்து மூன்றடி தூரத்துக்குக் கறுத்து நனைந்திருந்தது. அந்த மூன்றடிக்கு இந்தப் பக்கம் ஈரமே இல்லை. கிழக்கிலிருந்து மேற்கு வரை நேராக, கயிறு பிடித்து அடித்த மாதிரி இருந்தது அந்தக் கோடு. காய்ந்த பக்கத்தில் கூளத்தை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்தேன். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. நனைந்த பக்கம் அள்ளிப் பிடித்தது கொழுக்கட்டையாகக் கையிலேயே நின்றது.

மழை எங்களிடம் கேட்டது மூன்றடி. அதைக் கொடுக்க மாட்டோம் என்று அடம்பிடித்து இரண்டு மழைக்காலமாக முழுக் கொட்டகையையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். கூரையை வெளியே நீட்ட முடியாது, சரி. சுவரை உள்ளே தள்ளினால் கூரை தானாகவே வெளியே நீளுமே. தகரத்தைத் தொட வேண்டாம், தூணைத் தொட வேண்டாம், பொழியைத் தொட வேண்டாம். முழங்கால் உயரச் சுவரையும் வலையையும் மட்டும் மூன்றடி உள்ளே கொண்டுவந்தால் போதும். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், சுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, வடக்குச் செவுத்த மூணடி உள்ளார தள்ளிக் கட்டப் போறனுங்க."

"உள்ளாரயா? ஊருல எவனாச்சும் உள்ளார தள்ளிக் கட்டுவானா? வெளிய தள்ளிக் கட்டத்தான் அவனவன் பாக்கறான்."

"வெளிய தள்ள உங்கண்ணன் உடமாட்டாருங்களே."

"அவன் உடலைன்னு நாம உள்ளார போனா என்ன அர்த்தம்? மூணடிய உட்டுக் குடுத்துட்டான்னு ஊரே சிரிக்கும் புள்ள."

"யாருக்குங்க உட்டுக் குடுத்தோம்? அந்த மூணடி நம்ம பொழிக்குள்ளதான இருக்குது?"

"இருந்தாலும்..."

அந்த "இருந்தாலும்" இருக்கிறதே, அதற்குள் எங்கள் சாதி சனம் மொத்தமும் குடியிருக்கிறது. எத்தனையோ வரப்பு அந்தச் சொல்லால் இரத்தமாகியிருக்கிறது, எத்தனையோ கிணறு தூர்ந்திருக்கிறது. தனக்குச் சொந்தமான இடத்தில் தான் கொஞ்சம் ஒதுங்கி நின்றால்கூடப் பங்காளி ஜெயித்ததாக ஆகிவிடும். தோற்பதைவிட, தோற்ற மாதிரி தெரிவதற்குத்தான் இவர்களுக்குப் பயம்.

"பேட்ச் போனா மொத்தக் கொட்டாயும் உங்கண்ணனுக்குத்தான் போவுதுங்க. இப்ப மூணடிதான் போவுது, அதும் நம்மகிட்டயே இருக்குது. எது தோக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க," என்றேன்.

சிக்னல் இல்லை என்றார். இவ்வளவு நேரம் இருந்த சிக்னல் அது. போனை வைத்துவிட்டார்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவரும் "உள்ளாரங்களா? வெளியவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக இடத்தைக் காட்டினேன். கோழிகளைத் தெற்குப் பாதிக்கு ஒதுக்கி வலை கட்டிவிட்டு வேலை நடந்தது. பழைய சுவரை இடித்த செங்கல்லே புதுச் சுவருக்குப் போதுமானதாக இருந்தது. தூண்கள் வெளியே தனியாக நின்றன. மூன்றடிக்கு நல்ல அகலமான தாவாரம் கிடைத்தது, ஆகாயப் பட்டாக்காரருக்கு ஒரு விரற்கடை இடைஞ்சல் இல்லாமல்.

பக்கங்களை மூடுகிற படுதாவையும் மாற்றினேன். எங்கள் ஊரில் படுதா என்றால் மேலே கட்டிக் கீழே தொங்கவிடுவது. காற்று வேண்டுமென்றால் கீழிருந்து சுருட்டுவார்கள். சில்லென்ற காற்று நேராகக் குஞ்சின் மேல் அடிக்கும், கெட்ட ஆவி மேலேயே அடைந்து கிடக்கும். அத்தனை கொட்டகையிலும் இதே கதைதான். நான் காலித் தீவனச் சாக்குகளைத் தைத்து, அடிப்பக்கத்தைச் சுவரின் தலையில் இறுக்கிக் கட்டினேன். மேல்பக்கத்தைக் கயிற்றில் கோத்து, கொடி ஏற்றுவது மாதிரி கீழிருந்து மேலே இழுக்கிற ஏற்பாடு. எவ்வளவு பெரிய மழையானாலும் உச்சியில் ஒரு முழத்துக்குத் திறந்தே இருக்கும். ஆவி அந்த வழியாகப் போகும். தாவாரம் இருப்பதால் சாரல் அந்த வழியாக வராது. தினமும் காலையில் கூளத்தைக் கிளறிவிட்டேன். தண்ணீர்க் குவளைகளைச் செங்கல் மேல் தூக்கிவைத்தேன். மூக்கில் துணி இல்லாமல், குத்தவைத்து உட்கார்ந்து, கோழி மூச்சுவிடுகிற உயரத்தில் நானும் மூச்சுவிட்டுப் பார்த்தேன். உமி வாசனைதான் வந்தது.

இதற்குள் டீக்கடையில் செய்தி பரவிவிட்டது. "எம்பட தம்பி பொண்டாட்டி மூணடி உட்டுட்டு உள்ளார போயிட்டா," என்று கணவரின் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தாராம். பொழி மேல் அவர் நடந்த நடையே மாறியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவர் தொகுதியைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி நடந்தார். கிழிந்த தார்ப்பாயைப் பற்றிக் கேட்டார். காற்றில் கிழிந்துவிட்டது என்றேன். கிட்டத்தட்ட உண்மைதான், காற்றுக்காகத்தான் கிழித்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம், மஞ்சள் காட்டில் அவர் களை பிடுங்க ஆள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கனத்த மழை, நல்ல காற்று. ஆட்கள் ரோட்டுப் பக்கம் ஓடிவிட்டார்கள். இவருக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் ஓட முடியாது. நான் கொட்டகைக்குள் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வலைக்கு அந்தப் பக்கம், என் தாவாரத்துக்குக் கீழே, என் தூணைப் பிடித்துக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பொழியைத் தாண்டி, என் மூன்றடிக்குள், சுவரோடு சுவராக.

துண்டைப் பிழிந்து மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டார். அப்புறம் காலைக் குனிந்து பார்த்தார்.

"அம்மிணி, சாரல் காலுல அடிக்குது. தள்ளுனது தள்ளுன, இன்னுமொரு அடி உள்ளார தள்ளியிருக்கலாமல்லோ?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தகரத்தின் நுனியிலிருந்து தண்ணீர் ஒரே திரையாக விழுந்துகொண்டிருந்தது. காற்று ஒரு சுழற்று சுழன்று திரும்பி, அந்தத் திரையைப் பிடித்துப் பொழிக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்தது, அவர் மஞ்சள் பாத்திக்குள்.

"மாமா," என்றேன், "தாவாரத் தண்ணி உங்க காட்டுல உழுகுதுங்க."

திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே ஒன்றும் நினைவில்லாத மாதிரித்தான் பார்த்தார்.

"உழுந்தா உழுந்துட்டுப் போவுது உடு. மழெத் தண்ணிதான," என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இந்த ஒரு வார்த்தையை டேப்பைக் கையில் பிடித்திருந்த அன்றைக்கு இவர் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். வேப்ப மரத்தடியில் சுண்ணாம்புக்குக் கீழே கிடப்பவை எல்லாம் என் கண்முன் வந்தன. கையில் இருந்த தீவனத் தட்டை அவர் முகத்தில் எறியலாம் என்று தோன்றியது. வலை குறுக்கே இருந்தது, அதனால் எறியவில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். கோழிகள் என் காலைச் சுற்றிக் கூளத்தைக் கீறித் தூசி கிளப்பிக்கொண்டிருந்தன. அந்தத் தூசியில் எனக்குத் தும்மல் வந்தது. ஐப்பசி கார்த்திகையில் என் கொட்டகைக்குள் தூசி.

அவர் வலையில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். பழக்க தோஷம், கண் மறுபடியும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போயிற்று.

"மஞ்சளுக்கு வேற எடம் பாத்துக்கங்க மாமா," என்றேன்.

அவர் வலையிலிருந்து நெற்றியை எடுத்தார். மழை விடுகிற வரை அங்கேயேதான் நின்றார். போக வேறு இடமில்லை. நான் தீவனம் போட்டு முடித்துவிட்டு, படுதாக் கயிற்றைப் பிடித்து வடக்குப் பக்கத்தை உச்சியில் ஒரு முழம் விட்டு ஏற்றிக் கட்டினேன். அவர் முகம் அதற்குப் பின்னால் போய்விட்டது.